ஐந்தாவது காரணம்

காரியம் நன்றாக முடிந்தால் அதைச் செய்தவன் நான் என்றும், கெட்டுப்போனால் அது தெய்வத்தின் செயல் என்றும் சொல்லிக்கொள்வது மனித சுபாவம். இந்தச் சௌகரியமான பங்கீட்டை ஒப்புக்கொள்ளாத நூல் பகவத் கீதை. எந்தக் கர்மமும் சித்திப்பதற்கு ஐந்து காரணங்கள் கூடிவர வேண்டும் என்று அதன் பதினெட்டாம் அத்தியாயத்தில் கண்ணன் அர்ஜுனனுக்கு எடுத்துரைக்கிறான்: காரியத்துக்கு நிலைக்களமாகிய அதிஷ்டானம், செய்பவனாகிய கர்த்தா, பல வகைப்பட்ட கருவிகளாகிய கரணம், வெவ்வேறான முயற்சிகளாகிய சேஷ்டை, ஐந்தாவதாகத் தைவம். நியாயமான செயலுக்கும் அநியாயமான செயலுக்கும் இவ்வைந்துமே ஹேதுவாக இருக்க, தன்னை மட்டுமே கர்த்தாவாகக் காண்கிறவன் பண்படாத புத்தியை உடையவன் என்றும், அவன் உண்மையைக் காணாதவன் என்றும் அடுத்து வரும் சுலோகங்கள் கண்டிக்கின்றன.

இந்த உபதேசத்தை யுத்தகளத்திலும் யாகசாலையிலும் வைத்து விசாரித்தவர்கள் பலர். நான் அதை வைத்துப் பார்க்க விரும்புவது எவ்வளவோ சாமானியமான ஓரிடத்தில்: அமெரிக்க தேசத்து நெடுஞ்சாலை ஒன்றில், மேலே கூரையும் பக்கங்களில் சுவரும் இல்லாத ஒரு டிரெய்லரின் மீது, தொண்ணூறு பிராயம் கடந்த ஒரு மோட்டார் காரைச் சேதமின்றி ஏற்றிச் செல்லும் காரியத்தில். வேதாந்த விசாரத்துக்கு இது தகுந்த களமா என்று கேட்பவர்கள் சற்றே பொறுத்தால், இந்தச் சுலோகத்துக்குப் பாஷ்யம் செய்த ஆசாரியர் ஒருவரே பாரமான பொருளை இடம் பெயர்க்கும் வேலையைத்தான் திருஷ்டாந்தமாக எடுத்துக்கொண்டார் என்பதைக் கடைசியில் காண்பார்கள்.

முதலில் பிரயாணம் செய்யும் பொருளைப் பற்றி. ஃபோர்டு கம்பெனியார் 1928 முதல் 1931 வரையிலான மாடல் வருஷங்களுக்கென்று விற்பனைக்கு விட்ட ‘மாடல் ஏ’ என்னும் கார்கள் ஏறக்குறைய 48 லட்சம். அவற்றுள் ‘ரோட்ஸ்டர்’ என்று பெயர் பெற்றது, துணிக் கூரையைப் பின்னே மடித்து விடத்தக்கதும், கதவுகளில் ஏற்றி இறக்கும் கண்ணாடி இல்லாததுமான திறந்த வண்டி. நாற்பது குதிரைத் திறனுள்ள எஞ்சின். ஏறக்குறைய ஆயிரம் கிலோ எடை. முன்னும் பின்னும் குறுக்காகக் கிடக்கும் ஒவ்வொரு பிளேட் ஸ்பிரிங். நான்கு சக்கரங்களுக்கும் இரும்புக் கம்பிகளால் இழுபட்டு வேலை செய்யும் பிரேக். இவ்வாறான வண்டிகளை அந்தத் தேசத்தார் பிதிரார்ஜிதம் போல் போற்றுகிறார்கள். 1935-இல் தோன்றிய அமெரிக்கப் பழங்கார் சங்கத்தின் ஆதரவில், பென்சில்வேனியா மாநிலத்து ஹெர்ஷி என்னும் ஊரில் அக்டோபர் மாதங்களில் கூடும் பெருங்கூட்டத்துக்கு, நாட்டின் பல திசைகளிலிருந்தும் இவை வந்து சேர்கின்றன. சில தம் சக்கரத்தின் மீதே வருகின்றன; பல, இன்னொரு வண்டியின் முதுகில் ஏறி வருகின்றன.

ஓடுவதற்கென்று பிறந்த வண்டியைச் சுமந்துகொண்டு போவது அதன் ஸ்வதர்மத்துக்கு விரோதம் அல்லவா என்று ஓர் ஆட்சேபம் எழலாம். ஒருபோதும் ஓட்டப்படாமல் கண்காட்சிக்குக் கண்காட்சி சுமந்து செல்லப்படும் காரை ‘டிரெய்லர் ராணி’ என்று அங்குள்ளவர்களே பரிகாசம் செய்கிறார்கள். பரிகாசத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால், மணிக்கு 70, 75 கிலோமீட்டர் வேகத்தில் சுகமாக ஓடக்கூடிய கிழவண்டியை, 110 கிலோமீட்டர் வேகத்தில் கனரக லாரிகள் விரையும் சாலையில் அதன் பழைய பிரேக்கை நம்பி நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் ஓட்டுவதைத் தர்மம் என்று சொல்லவும் முடியாது. அது ஓடத்தக்க இடத்துக்கு அதைக் கொண்டுபோய் விடுவதும் ஒரு ரக்ஷணையே. ஆகவே ஆட்சேபத்தை இம்மட்டில் விட்டு, காரணங்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

அதிஷ்டானம் என்பதற்குப் பாஷ்யகாரர்கள் தேகம் என்று பொருள் கூறினார்கள். செயலெல்லாம் நிகழ்வதற்கு ஆதாரமாய் இருப்பது அதுவே. நமது காரியத்துக்கு ஆதாரமாய் இருப்பது டிரெய்லரின் தளம். கார் அதன்மேல் ஏறி நின்றுவிட்டால் போதும் என்று நினைப்பது தவறு. எங்கே நிற்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. டிரெய்லரும் காருமாகச் சேர்ந்த மொத்த எடையில் நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து பங்கு, இழுக்கும் வண்டியின் பின்னுள்ள கொக்கியின் மீது அழுந்த வேண்டும் என்பது அனுபவஸ்தர்களின் கணக்கு. டிரெய்லரும் காரும் சேர்ந்து 2,000 கிலோ என்றால், கொக்கியில் 200 முதல் 300 கிலோ. இது குறைந்து பாரம் பின்புறமாகச் சாய்ந்துவிட்டால், மெதுவாகப் போகும்போது ஒன்றும் தெரியாது. வேகம் ஓர் எல்லையைத் தாண்டியதும் டிரெய்லரின் வால் இடமும் வலமுமாக ஆடத் தொடங்கி, ஒவ்வோர் ஆட்டமும் முந்தினதைவிடப் பெரிதாகி, இழுக்கும் வண்டியையும் சேர்த்துப் புரட்டிவிடும். எஞ்சினின் பாரம் முன்னால் இருப்பதால் காரையும் முன்முகமாகவே ஏற்றுகிறார்கள். ஒரு சாண் முன்னோ பின்னோ நகர்த்தினாலும் இந்தக் கணக்கு மாறிவிடுகிறது. நூறு மைலுக்கு அப்பால் நேரக்கூடிய விபத்துக்கு வித்து, வண்டி புறப்படுமுன் வீட்டு வாசலில், அந்த ஒரு சாணில் விழுந்துவிடுகிறது.

கர்த்தா யார் என்பது வெளிப்பார்வைக்கு எளிய கேள்வி. வண்டியை ஓட்டுகிறவன் என்று உடனே விடை சொல்லிவிடலாம். ஆனால் டிரெய்லரின் அச்சைப் பற்ற வைத்த கொல்லனும், பெல்ட்டை நெய்த ஆலைத் தொழிலாளியும், சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்த நண்பனும், அந்தச் சாலையைப் போட்டவர்களும் இந்தக் கர்த்திருத்வத்தில் பங்குடையவர்கள் என்பதை ஓட்டுகிறவன் ஒருநாளும் நினைப்பதில்லை. அவர்கள் யாவரும் தத்தம் வேலையை முடித்துக்கொண்டு போய்விட்டார்கள். வேலை மிஞ்சியிருப்பவன் இவன் ஒருவன்தான் என்ற காரணத்தாலேயே ‘நான்’ என்ற சொல் இவன் வாயில் வருகிறது.

கரணங்களில் தலையானது கட்டும் பெல்ட். இரண்டு அங்குல அகலமுள்ள பாலியெஸ்டர் நாடாவும், அதை இழுத்து முடுக்கும் ராட்செட்டும் சேர்ந்த சாமான்யமான பெல்ட் ஒன்று, ஏறக்குறைய 4,500 கிலோ இழுப்பில் அறுந்துபோகும். ஆனால் அதன் மீது குறித்திருக்கும் உபயோக அளவு அதில் மூன்றில் ஒரு பங்குதான். அறுந்துபோகும் அளவு வரையில் நம்புவது நம்பிக்கை ஆகாது என்பதை நெய்தவனே நாடாவில் அச்சிட்டுக் கொடுத்திருக்கிறான். வியாபார ரீதியில் கார்களை ஏற்றிச் செல்வோர் முன்புறமும் பின்புறமுமாகக் குறைந்தது இரண்டு கட்டுகளாவது போட வேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம். பழைய வண்டியின் அருமை தெரிந்தவர்கள் நான்கு மூலைக்கும் நான்கு போட்டு, பின்னிரண்டையும் குறுக்காக மாட்டிப் பக்கவாட்டு அசைவையும் அடக்கிவிடுகிறார்கள்.

எத்தனை பெல்ட் என்பதைவிட, எங்கே கட்டுவது என்பதே கவனிக்கத்தக்கது. பிரியமான பொருளைக் கட்டப் புகுகிறவன், அது இம்மியும் அசையக் கூடாது என்ற ஆவேசத்தில், காரின் சட்டத்தில் பெல்ட்டை மாட்டி, ஸ்பிரிங் நசுங்கும் மட்டும் முடுக்குவது உண்டு. பார்வைக்கு வண்டி தளத்தோடு ஒட்டி நிற்கும். சாலையில் ஒரு பள்ளம் வந்து ஸ்பிரிங் இன்னும் கொஞ்சம் நசுங்கினால், அந்தக் கணத்தில் பெல்ட் தொய்ந்து, கொக்கி கழன்றுகொள்ளவும் கூடும். தொண்ணூறு வருஷத்து இரும்புக்கு ஓயாத இழுப்பினால் உண்டாகும் வருத்தம் வேறு. விஷயம் தெரிந்தவன் சட்டத்தைத் தொடுவதில்லை. குறுக்கே செல்லும் பிரேக் கம்பிகள் நசுங்காதபடி விரலால் தடவி இடம் பார்த்து, ஆக்ஸிலைச் சுற்றி மெத்தென்ற பட்டையைப் போட்டு, அதில் பெல்ட்டை மாட்டுகிறான். அப்போது சக்கரங்கள் தளத்தோடு பிணைபட்டு நிற்க, அவற்றின் மேலுள்ள உடல் தன் ஸ்பிரிங்கின் மீது, தன் சாலையில் ஓடுவது போலவே, ஏறி இறங்கிக்கொண்டு வருகிறது. கட்ட வேண்டியது எது, ஆட விட வேண்டியது எது என்ற விவேகம் இல்லாத இடத்தில், பிரியம் அதிகமாக ஆக ஆகச் சேதமும் அதிகமாகிறது.

மூடுவதிலும் இதே கதைதான். மழையும் தூசியும் படாமல் இருக்கட்டும் என்று பெரிய துணி உறை ஒன்றை வண்டியின் மீது போர்த்திவிட்டால், திறந்த டிரெய்லரில் காற்று அதற்குள் புகுந்து, மணிக்கணக்காகப் படபடவென்று அடித்து, எந்த வர்ணத்தைக் காக்கப் போர்த்தினோமோ அந்த வர்ணத்தையே உரசித் தேய்த்துவிடுகிறது. ஆகையால் உடலைத் திறந்தபடியே விட்டு, துணிக் கூரையை மடித்து, சட்டங்கள் ஒன்றோடொன்று உராயாமல் இடையில் துணி வைத்து, அதற்கென்று தைத்த உறையில் இட்டு வாரால் இறுக்கிவிட்டு, ஆசனங்களின் மேல் மட்டும் பொத்தானிட்ட விரிப்பை விறைப்பாக இழுத்து மாட்டுகிறார்கள். கால்மிதி, மெத்தை, கருவிப் பை என்று காற்றில் பறக்கத்தக்கது எதுவும் உள்ளே இருக்கலாகாது. இன்னும் ஒன்று: இந்த வண்டியில் பெட்ரோல் டாங்கி இருப்பது முன் கண்ணாடிக்கும் எஞ்சினுக்கும் நடுவே, பம்பு கிடையாது, பெட்ரோல் தன் பாரத்தாலேயே கீழே இறங்கி கார்புரேட்டருக்கு வருகிறது. வழியில் உள்ள சிறு குழாயை மூட மறந்தால், பிரயாணக் குலுக்கலில் கார்புரேட்டரின் ஊசி தன் இடத்தில் அமராமல் தத்தளிக்க, பெட்ரோல் சொட்டுச் சொட்டாக வெளியே கசியத் தொடங்கும். ஒரு விரற்கடை அளவுள்ள திருகு அது. கரணங்களின் வரிசையில் அதற்கும் இடம் உண்டு.

சேஷ்டை என்பதைக் கீதை வெவ்வேறானது, பலவகையானது என்று அடைமொழி கொடுத்துச் சொல்கிறது. முயற்சி ஒரே தடவையில் செய்து முடிக்கத்தக்கதன்று என்பதை இந்தப் பிரயாணத்தைப் போல் தெளிவாகக் காட்டுவது வேறில்லை. எவ்வளவு சாமர்த்தியமாக முடுக்கினாலும், புறப்பட்ட சிறிது நேரத்துக்குள் நாடா சற்று நீண்டுகொடுக்கும், கார் தன் டயர்களின் மீது சற்று அமர்ந்துகொள்ளும், கட்டு தளரும். சரக்கு லாரி ஓட்டுகிறவர்கள் முதல் 80 கிலோமீட்டருக்குள் ஒரு முறையும், பிறகு மூன்று மணி நேரம் அல்லது 240 கிலோமீட்டர், இவற்றில் எது முந்துகிறதோ அப்போதெல்லாம் ஒரு முறையும் நிறுத்திக் கட்டைச் சோதிக்க வேண்டும் என்று சட்டமே விதித்திருக்கிறது. சொந்த வண்டியை ஏற்றிச் செல்கிற ஜாக்கிரதைக்காரன் இருபது முப்பது கிலோமீட்டரிலேயே முதல் தடவை நிறுத்திவிடுகிறான். கட்டினவன் தானே, கட்டினதும் நன்றாகத்தானே என்றாலும், மறுபடி இறங்கி நான்கு ராட்செட்டையும் தொட்டுப் பார்க்கிறான். தன் வேலையைத் தானே சந்தேகிக்கும் இந்தச் சிரத்தையில் தன்னம்பிக்கைக் குறைவு ஏதும் இல்லை. அகங்காரக் குறைவு உண்டு.

இனி ஐந்தாவது. நாலும் செவ்வையாக அமைந்த பிறகும், எதிரே போகும் முன்பின் அறியாத லாரியின் சக்கரத்திலிருந்து ஒரு கல் தெறித்து முன் கண்ணாடியைப் பிளக்கலாம். வானம் வெளுத்திருந்த திசையிலிருந்து ஆலங்கட்டி மழை கொட்டலாம். இவற்றை யார் தடுப்பது? இதுதான் தைவம் என்று சொல்லிவிட முடியும். ஆனால் அதே கல் தன் இழுவண்டியின் பின் டயரிலிருந்து தெறித்திருந்தால்? அதற்கு மண்தடுப்பு மாட்டியிருக்கலாம். டிரெய்லரின் முன்னால் ஒரு தட்டி நிறுத்தியிருக்கலாம். அந்தக் கல் தைவத்தின் கணக்கில் சேராது. வெளிக்கு ஒன்றுபோலவே இருக்கும் இரண்டு கற்களில் ஒன்று விதி, மற்றொன்று அசிரத்தை. இன்னும் நுட்பமாகப் பார்த்தால், சட்டம் இயற்றினவர்கள் எதிர்பாராததற்கும் ஓர் அளவு வகுத்து வைத்திருக்கிறார்கள்: திடீரென்று பிரேக் போட்டால் சரக்கின் எடையில் பத்தில் எட்டுப் பங்கு விசை முன்னோக்கியும், மற்றச் சமயங்களில் பாதி எடையளவு விசை பின்னோக்கியோ பக்கவாட்டிலோ இழுக்கக்கூடும், அவ்வளவையும் தாங்கும்படி கட்டு இருக்க வேண்டும் என்பது விதி. குறுக்கே ஒரு மான் பாய்வது நம் வசத்தில் இல்லை. மான் பாய்ந்தால் கட்டு தாங்குமா என்பது நம் வசத்தில் இருக்கிறது. நாலுக்கும் ஐந்துக்கும் இடையிலுள்ள எல்லைக்கோடு அறிவு வளர வளர நகர்ந்துகொண்டே போகிறது என்பதே இதன் தாத்பரியம்.

திருவள்ளுவர் ஊழ் என்னும் அதிகாரத்தில் விதியைவிட வலிமை வாய்ந்தது வேறொன்றும் இல்லை என்ற கருத்தை நாட்டிவிட்டு, ஆள்வினையுடைமையில் சோர்வில்லாமல் உழைக்கிறவர்கள் அந்த விதியையே புறங்காட்ட வைப்பார்கள் என்று கூறியதைக் கண்டு, இரண்டும் எப்படிப் பொருந்தும் என்று மயங்குகிறவர்கள் உண்டு. எல்லை நகரக்கூடியது என்று கொண்டால் மயக்கத்துக்கு இடமில்லை. ஊழ் உண்டு, ஆனால் அது எங்கே தொடங்குகிறது என்பதை உழைத்து ஓய்ந்தவன் மட்டுமே அறிவான். உழையாதவனுக்கு எல்லாமே ஊழாகத் தோன்றும்.

இதுவரையில் தைவத்தை நம் முயற்சியின் மிச்சமாக, நம் கை எட்டாத இடத்தில் தொடங்கும் ஒன்றாகக் கருதிவந்தோம். இரண்டு ஆசாரியர்களின் பாஷ்யங்களும் இந்தக் கருத்தைத் திருத்துகின்றன. சங்கரர் இவ்விடத்தில் தைவம் என்பதற்கு, கண் முதலான இந்திரியங்களுக்கு அனுக்கிரகம் செய்யும் ஆதித்தியன் முதலான தேவதைகள் என்று பொருள் கொள்கிறார். ராமானுஜரோ ஜீவனுக்குள் அந்தர்யாமியாய் இருந்து காரியத்தை நிறைவேற்றுவதில் பிரதான ஹேதுவாகிய பரமாத்மா என்கிறார். கொள்கையில் இருவரும் வேறுபட்டாலும், தைவத்தைச் செயலுக்கு வெளியே, எதிர்பாராத கல்லிலும் மழையிலும் மட்டும் தேட வேண்டாம் என்பதில் வேறுபடவில்லை. பிரேக் கம்பியைத் தடவிக் கண்டுகொண்ட விரலின் உணர்வும், கொக்கி கழன்றிருப்பதைக் கண்ட கண்ணின் ஒளியும், நாடாவின் நூலில் இருக்கும் வலிமையும் இவன் உண்டாக்கினவை அல்ல. ஐந்தாவது காரணம் மற்ற நாலுக்கும் பின்னால் வந்து நிற்பதன்று; அவற்றினுள்ளேயே நிற்பது.

அப்படியானால் எல்லாவற்றையும் உள்ளிருந்து நடத்துகிறவன் அவனாயிருக்க, இவனை நோக்கி ‘இதைச் செய், இதைச் செய்யாதே’ என்று சாஸ்திரம் விதிப்பது எதற்கு? ராமானுஜர் இக்கேள்வியைத் தாமே எழுப்பிக்கொண்டு, ஜீவன் தனக்கு அளிக்கப்பட்ட உடலையும் கரணங்களையும் கொண்டு தன் இச்சையாலேயே முயல்கிறான், பரமாத்மா உள்ளிருந்து அனுமதி தந்து அதை நிகழச் செய்கிறான் என்று சமாதானம் கூறுகிறார். அதற்கு அவர் காட்டும் உதாரணம்தான் நான் முன்பு குறித்தது: மிகப் பாரமான பாறையையோ மரத்தையோ பலர் சேர்ந்து பெயர்த்து நகர்த்தும்போது, காரியம் பலரால் ஆவதாயினும், அவர்களில் ஒவ்வொருவனும் அதற்குக் காரணமே, ஒவ்வொருவனும் விதி நிஷேதங்களுக்கு உட்பட்டவனே. பக்கத்தில் பலசாலி ஒருவன் தோள் கொடுக்கிறான் என்பதற்காக என் தோளை நான் தளர்த்திக்கொள்ள நியாயம் இல்லை. உலகையெல்லாம் தாங்குகிறவனே பக்கத்தில் தோள் கொடுக்கிறான் என்றால், தளர்த்துவதற்கு வெட்கமும் அல்லவா சேர்ந்துகொள்ள வேண்டும்?

இந்த உதாரணத்தை மனத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால், பிரயாணம் புறப்படுகிறவர்கள் இரு விதமாகத் தவறுவது விளங்கும். ஒருவன் பெல்ட்டை இரண்டு சுற்றுச் சுற்றி, பகவான் பார்த்துக்கொள்வார் என்று ஏறி உட்காருகிறான். அவன் பக்தன் போல் பேசினாலும், பாறையைச் சுமக்கும் கூட்டத்தில் கையை மட்டும் வைத்துக்கொண்டு நடக்கிறவன். மற்றொருவன் பகவானுக்கு ஒரு வேலையும் மிச்சம் வைக்கக் கூடாது என்று ஸ்பிரிங் நசுங்க முடுக்கி, உறை போட்டு மூடி, வழி நெடுகக் கண்ணாடியில் பின்னால் வரும் காரையே பார்த்துக்கொண்டு, எதிரே உள்ள சாலையைப் பார்க்கத் தவறுகிறான். கூட்டத்தில் மற்றவர்கள் சுமக்கிறார்கள் என்பதை நம்பாதவன் அவன். முன்னவனுடைய குற்றம் சோம்பல், பின்னவனுடையது அகங்காரம். இரண்டுக்கும் மூலம் ஒன்றே: காரணங்களை ஐந்தாக எண்ணாமல் ஒன்றாக எண்ணியது.

பற்றற்றவனுக்குப் பொருள்களின் மேல் சிரத்தை குறைந்துவிடும் என்ற எண்ணம் நம் நாட்டில் வெகுகாலமாகப் பரவியிருக்கிறது. அதற்கு நேர்மாறானதையே இந்தச் சிறு காரியம் உணர்த்துகிறது. ‘என்னுடையது’ என்ற ஆவேசம் சட்டத்தைக் கட்டி நசுக்கியது; ‘என் பொறுப்பில் இருப்பது’ என்ற நிதானம் ஆக்ஸிலைத் தேடிக் கட்டியது. 1930-இல் அந்தக் காரை வாங்கினவன் இன்று இல்லை; இன்று ஏற்றிச் செல்கிறவனுக்குப் பின்னும் அது இருக்கக்கூடும். உரிமைப் பத்திரத்தில் யார் பெயர் இருந்தாலும், அதை வைத்திருக்கிறவர்கள் ஒவ்வொருவரும் ஒரு கட்டத் தூரம் சுமக்கிறவர்களே. இதை உணர்ந்தவனுக்குச் சுமை குறைவதில்லை. சுமையின் மீதுள்ள பயம் குறைகிறது. பயம் குறைந்த கைதான் நிதானமாகக் கட்டுகிறது.

பலன் எவ்வாறு வந்தாலும் அதை விசாரிக்கும் முறையும் இதிலிருந்து கிடைக்கிறது. சேதம் நேர்ந்தால், தளத்தில் பாரம் சரியாக இருந்ததா, கட்டினவனுக்கு விஷயம் தெரியுமா, கருவி நைந்திருந்ததா, இறங்கிப் பார்க்க வேண்டிய இடத்தில் இறங்கிப் பார்த்தோமா என்று நாலையும் தயை தாட்சண்யம் இல்லாமல் கேட்டு முடித்த பிறகே, ஐந்தாவதின் பெயரைச் சொல்ல நமக்கு யோக்கியதை உண்டு. கார் கீறல்கூட இல்லாமல் போய்ச் சேர்ந்தாலோ, வரிசையை மாற்றிக்கொண்டு ஐந்தாவதிலிருந்து தொடங்கி மற்ற நாலையும் நன்றியோடு எண்ண வேண்டும். ‘நான்’ என்பதற்கு அந்த எண்ணிக்கையில் ஓர் இடம் உண்டு, ஒரே ஓர் இடம். இவ்வாறு எண்ணப் பழகினவன் கெட்ட நாளில் தெய்வத்தை நோகவும் மாட்டான், நல்ல நாளில் தன்னைப் புகழவும் மாட்டான். அடுத்த பிரயாணத்துக்கு முன்னால் பெல்ட்டைப் பிரித்து வெயிலில் பிடித்து, அதன் ஓரத்தில் நூல் நைந்திருக்கிறதா என்று பார்ப்பான்.